கண்ணுக்கு அழகும் காலுக்கு இடமும்
(சிறுவர் வைத்தியசாலைகளின் அமைப்புப் பற்றிய ஒரு திறனாய்வு)

ஒரு நூலை ஆராயப் புகுவோர் முதற்கண் வினவவேண்டிய வினா, அது யார்பொருட்டு இயற்றப்பட்டது என்பதாகும். பயன்கொள்வோர் இன்னார் எனத் தெளிந்த பின்னரே நூலின் குணமும் குற்றமும் புலப்படும். கட்டடக்கலைக்கும் இவ்விதி பொருந்தும். ஆயின், சிறுவர்க்கென எழுப்பப்படும் வைத்தியசாலைகளை மதிப்பிடுங்கால் இவ்வினா பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அவற்றுக்குப் படம் வரைவோரும், பொருள் வழங்குவோரும், திறந்துவைப்போரும், பாராட்டி எழுதுவோரும் வளர்ந்தோரே. பயன்கொள்வோர் மட்டும் சிறுவர். அவர்கள் மதிப்புரை எழுதுவதில்லை. குறைகூறிக் கடிதம் வரைவதுமில்லை. ஓரிடம் தமக்கு ஏற்றதாயின் அங்கே விளையாடுவர். ஏலாததாயின் சும்மா கிடப்பர். அவர்தம் திறனாய்வு அவ்வளவே. அதனைப் படித்தறியும் பொறுப்பு வளர்ந்தோரைச் சார்ந்தது.

முன்னாளிற் சிறுவர் விடுதிகள் வெண்சுவரும் இரும்புக் கட்டிலுமாய் விளங்கின. இன்று மேனாடுகளிற் புதிதாக எழும் சிறுவர் வைத்தியசாலைகள் வண்ணமும் ஒளியும் நிறைந்தவை. சுவர்களிலே காடும் கடலும் தீட்டப்பட்டுள்ளன. கூடங்களிலே பெருஞ் சிற்பங்கள் நிற்கின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. வெறுஞ்சுவரை நோக்கிக் கிடப்பதினும் வண்ணச்சுவரை நோக்கிக் கிடத்தல் நன்று என்பதை மறுப்பார் இலர். ஆயினும், நோக்கிக் கிடத்தல் என்னும் நிலை இரண்டிடத்தும் ஒன்றேயாம். பிள்ளையின் கண்ணுக்கு விருந்து படைத்தோர், அதன் கைக்கும் காலுக்கும் யாது வழங்கினர் என்பதே ஆராயத்தக்கது. காட்சியை விளையாட்டென மயங்கும் மயக்கமே தற்காலச் சிறுவர் வைத்தியசாலை அமைப்பின் தலையாய குறை எனலாம்.

இக்குறையை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உளர். வைத்தியசாலைகளின் அமைப்புப் பற்றி புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் எழுதிய நூலின் மூன்றாம் பதிப்பு 1863ஆம் ஆண்டில் வெளிவந்தது. காற்று, ஒளி, கட்டில்களுக்கிடையேயுள்ள தூரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு உரைக்கும் அந்நூலிலே, சிறுவர் வைத்தியசாலைக்குப் புற்றரையும் புல்மேடுகளும் பிள்ளைகள் விரும்பும் வழிகளும் கொண்ட பெருந்தோட்டம் ஒன்று வேண்டும் என அவர் கூறுகின்றார். கூறியதோடமையாது, அத்தோட்டம் மிக்க அழகுடையதாய் இருத்தலாகாது என்றும் எச்சரிக்கின்றார். அதற்கு அவர் காட்டும் காரணமே வியக்கத்தக்கது: அழகு மிகுந்தால், அதனைக் கெடுத்தமைக்காகப் பிள்ளைகள் ஏச்சுக்கு ஆளாவர் என்பதாம். அழகுபடுத்துவோர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே உள்ள முரணை இத்துணைச் சுருக்கமாக வேறெவரும் கூறியதில்லை எனலாம். பேணுதற்குரிய பொருளாக ஓரிடத்தை ஆக்கிவிட்டால், அது பிள்ளையின் கையிலிருந்து நழுவிப் பெரியோரின் உடைமையாகிவிடுகின்றது.

விளையாட்டு என்பது யாது என்னும் வினாவுக்குத் தமிழ் மரபிலேயே தெளிவான விடை உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் பாடுகின்றது. காப்பும் தாலும் பெரியோர் பிள்ளைக்கு ஆற்றும் செயல்கள். ஏனையவற்றுட் பெரும்பாலானவை பிள்ளையின் செயலாற் பெயர்பெற்றவை. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி இருகையும் நிலத்தூன்றித் தலையசைத்தல் செங்கீரை, கைகொட்டுதல் சப்பாணி, தளர்நடையிட்டு வருதல் வருகை, பறைகொட்டுதலும் தேருருட்டுதலும் ஆண்பாற் பருவங்கள், கழங்காடுதல், அம்மானையாடுதல், ஊசலாடுதல் முதலியன பெண்பாற் பருவங்கள். பிள்ளையின் வளர்ச்சி அதன் உடலியக்கத்தாலேயே அளக்கப்பட்டது என்பது இப்பெயர்களாற் பெறப்படும். அம்புலிப் பருவத்திலே வானத்து மதியும் காட்சிப்பொருளாக நிறுத்தப்படவில்லை. பிள்ளையுடன் ஆட வருமாறே அழைக்கப்படுகின்றது. சிற்றிற் பருவமோ இன்னும் ஒருபடி மேலானது. மணலிற் கட்டிய சிறுவீட்டைக் காலாற் சிதைத்தலும் ஆண்டு விளையாட்டாகவே கொள்ளப்படுகின்றது. கெடுத்தற்கும் இடம்தரும் இடமே பிள்ளைக்குரிய இடம் என்னும் வகையிற் புலவரும் நைற்றிங்கேல் அம்மையாரும் ஒருமித்து நிற்கின்றனர்.

நோயுற்ற பிள்ளைக்கு இச்செயல் யாது பயன் தரும் எனச் சிலர் வினவலாம். நோய் உடல்நலத்தை மட்டும் கவர்வதன்று. வைத்தியசாலையிற் சேர்ந்த கணந்தொட்டுப் பிள்ளை செயலுக்கு உரியவன் என்னும் நிலையை இழந்து, பிறர் செயலுக்கு உட்படும் பொருளாகிவிடுகின்றது. ஊசி ஏற்றுவோர் பிறர். ஆடை மாற்றுவோர் பிறர். உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் பிறரால் வகுக்கப்படுவன. தனக்கு நிகழ்வன ஏன் நிகழ்கின்றன என்பதை வளர்ந்தோன் ஓரளவு உணர்ந்து பொறுப்பான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வுணர்வும் இல்லை. இந்நிலையில், தானே தொடங்கித் தானே நடத்தித் தானே முடிக்கக்கூடிய செயல் ஒன்று அதற்கு எஞ்சியுள்ளதாயின், அது விளையாட்டே. ஆதலின், வைத்தியசாலையில் விளையாட்டு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு எனக் கருதப்படுதல் பிழையாம். பிள்ளை தன்னைப் பிள்ளையாக உணரும் வழி அது.

இவ்வுண்மையை உலகுக்குக் காட்டியது ஒரு கட்டடமன்று, ஒரு திரைப்படம். இலண்டனிலுள்ள ரவிஸ்ரொக் நிலையத்திற் பணியாற்றிய ஜேம்ஸ் றொபேட்சன் 1952ஆம் ஆண்டில் ‘இரண்டு வயதுப் பிள்ளை வைத்தியசாலைக்குச் செல்கின்றது’ எனப் பொருள்படும் பெயருடைய படம் ஒன்றை உருவாக்கினார். தாயிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தைகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய ஆய்வு 1951இல் வெளிவந்திருந்தது. போல்பியின் உடன்பணியாளராகிய றொபேட்சன், சொல்லால் நம்பாதோர் கண்ணாற் கண்டேனும் நம்பட்டும் எனக் கருதிக் கைப்படக்கருவியை ஏந்தினார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த ஒரு சிறுமி, தொப்புட் பிதுக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெறும்பொருட்டு எட்டு நாட்கள் வைத்தியசாலையில் தங்கியமையே கதை. உரையாடலில்லாத கறுப்பு வெள்ளைப் படம் அது.

படத்தின் ஆற்றல் அதன் அடக்கத்திலே உள்ளது. சிறுமி ஓயாது அழுவாளாயின் பார்வையாளர் இரங்கிவிட்டு மறந்திருப்பர். அவள் பெரும்பாலும் அழுவதில்லை. தன் கரடிப் பொம்மையை அணைத்தவாறு அமைதியாக இருக்கின்றாள். அவ்வமைதியை அக்கால வைத்தியர்கள் ‘பழகிவிட்டாள்’ எனப் பொருள்கொண்டிருப்பர். ஆயின், தாதி ஒருவர் அவளுடன் விளையாட வரும் வேளைகளில் அவ்வமைதி கலைகின்றது. உள்ளே அடக்கிவைத்த துயரம் முகத்திலே வெளிப்படுகின்றது. எட்டாம் நாள் வீடு திரும்பும்போது தன் பொருள்களையெல்லாம் ஒன்றுவிடாது திரட்டிக்கொள்ளும் சிறுமி, தாய் நீட்டிய கையைப் பற்ற மறுத்து நடக்கின்றாள். 1952 நவம்பரில் இலண்டன் றோயல் வைத்தியச் சங்கத்திற் படம் காட்டப்பட்டபோது அவையோர் பலர் வெகுண்டனர். அச்சிறுமி ஏனைய பிள்ளைகளைப் போன்றவள் அல்லள் என்றும், தாதியர் தொழிலுக்கு இது இழுக்கு என்றும் வாதிட்டனர். கண்ணாற் கண்டும் நம்பாமைக்குக் காரணம், அமைதியே நலத்தின் அடையாளம் என்னும் பழைய எண்ணமாகும்.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாய்ப் பிரிவு ஒன்றனையே எடுத்துரைப்பர். அது முதன்மையானதே. எனினும், விளையாட்டுப் பற்றியும் படம் ஓர் உண்மையை உரைக்கின்றது. விளையாட்டு துயரத்தை மறக்கச்செய்யும் மருந்து என்பது பொதுவான கருத்து. இங்கே அது துயரத்தை வெளிக்கொணரும் வாயிலாகின்றது. பிள்ளையை மகிழ்விப்பதற்காக மட்டும் விளையாட்டிடம் அமைப்போர் இதனை நோக்குவதில்லை. சிரித்த முகங்களைச் சுவரெங்கும் தீட்டிவைத்த அறையிலே அழவிரும்பும் பிள்ளைக்கு மூலை எங்கே? மகிழ்ச்சியை வற்புறுத்தும் அழகும் ஒருவகை அடக்குமுறையே என்பது சிந்திக்கத்தக்கது.

றொபேட்சனின் உழைப்பு வீண்போகவில்லை. தாயுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றிய அவருடைய மறுபடம் 1958இல் வெளிவந்தது. என்புச் சத்திரசிகிச்சை நிபுணரான சேர் ஹரி பிளாற் தலைமையில் 1956இல் அமைக்கப்பட்ட குழு, வைத்தியசாலைகளிற் சிறுவர் நலம் பற்றிய தன் அறிக்கையை 1959இல் வெளியிட்டது. அவ்வறிக்கை 55 பரிந்துரைகளைக் கொண்டது. பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைக் காண அனுமதிக்கப்படல் வேண்டும். சிறு குழந்தையுடன் தாயும் தங்க வசதி வேண்டும். சிறுவரை வளர்ந்தோர் விடுதியில் வைத்தலாகாது. கல்வியும் விளையாட்டும் புறக்கணிக்கப்படலாகாது என்பன அவற்றுட் சில. அறிக்கையின் சிறப்பு அதன் மனிதப் பண்பு. அதன் எல்லையும் அதுவே. பார்வையாளர் நேரத்தை ஓர் ஆணையால் மாற்றலாம். இடத்தை அவ்வாறு மாற்றவியலாது. தாய்க்குக் கதவு திறந்தது. ஆனால் தாயும் பிள்ளையும் சேர்ந்து செய்வதற்கு விடுதியிலே யாது உண்டு என்பது தீராத வினாவாக நின்றது.

அவ்வினாவுக்கு விடையளிக்க முன்வந்தோர் கட்டடக் கலைஞர் அல்லர். பெரும்பாலும் ஆசிரியத் தொழிலோடு தொடர்புடைய பெண்கள். சுவீடனின் உமியோ நகர வைத்தியசாலையில் ஐவொனி லிண்ட்குவிஸ்ற் 1956இல் விளையாட்டுப் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவிலே கிளீவ்லண்ட் நகரிற் பணிபுரிந்த எம்மா பிளாங் தம் அனுபவத்தை 1962இல் நூலாக வெளியிட்டார். இலண்டன் புறொம்ரன் வைத்தியசாலையில், சிறுவர் காப்பு நிதியத்தின் சார்பில் சூசன் ஹார்வி 1963இல் விளையாட்டுத் திட்டம் ஒன்றை நிறுவினார். இவர்கள் கையாண்ட பொருள்கள் எளியவை: மணல், நீர், களிமண், பொம்மை, பொம்மைக்கு ஊசிபோட ஒரு குழல். நேற்று ஊசிக்கு உட்பட்ட பிள்ளை இன்று பொம்மைக்கு ஊசிபோடுகின்றது. செயப்படுபொருள் எழுவாயாக மாறுகின்றது. விளையாட்டறையினுள் எவ்வகைச் சிகிச்சையும் செய்யலாகாது என்னும் விதியும் இவ்வியக்கத்திலே வேரூன்றியது. அறை அளவிற் சிறியதாயினும், வெள்ளை அங்கி நுழையாத எல்லை ஒன்று அதனால் உண்டாயிற்று. இடத்தை அமைப்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல. அங்கே நிகழக்கூடாதது யாது என்னும் வரையறையும் ஆகும் என்னும் பாடம் இதனாற் பெறப்படும்.

கட்டடக் கலைஞர்க்கு ஊக்கமளித்த ஆய்வு பின்னரே வந்தது. 1984ஆம் ஆண்டில் றொஜர் உல்றிச் ‘சயன்ஸ்’ என்னும் ஏட்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவிலுள்ள ஒரு வைத்தியசாலையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றோருள் 46 பேரை இணை இணையாக அவர் ஒப்புநோக்கினார். சாளரத்தினூடாக மரங்களைக் காண வாய்த்தோர், செங்கற்சுவரையே காண வாய்த்தோரிலும் விரைவில் வீடு திரும்பினர். வலியடக்கும் கடுமருந்துகளையும் குறைவாகவே வேண்டினர். இந்த ஆய்வு பெரும்புகழ் எய்தியது. இயற்கைக் காட்சிக்கு வைத்தியப் பயன் உண்டு என்னும் கருத்து இதனால் வலிமை பெற்றது. ஆயின், ஆய்வுக்கு உட்பட்டோர் சிறுவர் அல்லர். ஆராயப்பட்டதும் காண்டல் ஒன்றே. சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும் வளர்ந்தோனுக்கு மரம் ஒரு காட்சி. அதே மரம் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏறுதற்குரியது. வளர்ந்தோரிடத்துக் கண்ட உண்மையை அவ்வாறே சிறுவர்மீது ஏற்றும்போது, மரம் சாளரத்துக்கு அப்பாலே நின்றுவிடுகின்றது.

இவ்வடிப்படையிலே புகழ்பெற்ற இரண்டு கட்டடங்களை நோக்கலாம். இலண்டனிலுள்ள எவலீனா சிறுவர் வைத்தியசாலை, பிரசவத்தில் இறந்த தம் மனைவியின் நினைவாகப் பேர்டினண்ட் டீ றொத்சைல்ட் 1869இல் நிறுவியது. அதற்கு லாம்பெத் பகுதியில் ஹொப்கின்ஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த புதிய இல்லம் 2005இல் திறக்கப்பட்டது. பல மாடி உயரத்துக்கு வளைந்தெழும் கண்ணாடிக் கூரையின்கீழ் விரிந்த உள்முற்றம் அதன் உயிர்நிலை. மாடி தோறும் கடல், காடு, மலை என ஓர் உலகின் பெயர் சூட்டப்பட்டது. எழுத்தறியாப் பிள்ளையும் தான் செல்லவேண்டிய தளத்தைப் படத்தால் அறியலாம். வடிவமைக்கும்போது சிறுவரின் கருத்தும் கேட்கப்பட்டது. வெளிநோயாளர் காத்திருக்கும் கூடத்திலே சுருள் சறுக்கு ஒன்று நிறுவப்பட்டது. இச்சறுக்கு பாராட்டுக்குரியது. அஃது அலங்காரத்துக்கென வைத்த சிற்பமன்று. ஏறி வழுக்குவதற்கு உரியது. அச்சத்தோடு காத்திருக்கும் நேரத்தைச் செயலாக மாற்றுவது.

ஆயினும், சறுக்கில் ஏறக்கூடியோர் யாவர்? காலால் நடந்து வந்து அன்றே வீடு திரும்பும் வெளிநோயாளச் சிறுவரும், அவர்தம் உடன்பிறந்தோருமே. மேல்மாடியிலே கையிற் சேலைன் குழாயோடு கிடக்கும் பிள்ளைக்கு அச்சறுக்கு செய்தியளவிலே உள்ள இன்பமாம். விளையாட்டுக் கருவி சிறந்ததாயினும், மிக நோயுற்றோர்க்கு மிகத் தொலைவில் உள்ளது. இது எவலீனாவுக்கு மட்டும் உரிய குறையன்று. வாயிலருகே விழாக்கோலம், கட்டிலருகே வெறுமை என்னும் பகிர்வு சிறுவர் வைத்தியசாலைகள் பலவற்றிற் காணப்படுவதே. நுழைவோரைக் கவரும் நோக்கம் தங்குவோரைப் பேணும் நோக்கத்தை வென்றுவிடுகின்றது.

மெல்பேண் நகரின் றோயல் சிறுவர் வைத்தியசாலைக்கான புதிய கட்டடம் 2011இல் திறக்கப்பட்டது. றோயல் பூங்காவின் ஓரத்தில் அமைந்த அக்கட்டடத்தின் பல அறைகள் மரச்செறிவை நோக்கியவை. இரண்டு மாடி உயரமுள்ள மீன்காட்சித் தொட்டியும், மீர்கற் என்னும் ஆபிரிக்கச் சிறுவிலங்குகள் வாழும் கூடும் அதற்கு உலகப் புகழ் ஈட்டின. பிள்ளைகள் வியப்போடு அவற்றின் முன்னே நிற்பர் என்பதில் ஐயமில்லை. படுக்கையை விட்டு எழ மறுக்கும் பிள்ளையையும் ‘மீன் பார்க்கப் போவோம்’ என்னும் சொல் நடக்கச்செய்யும். அவ்வளவிற் காட்சியும் செயலுக்குத் தூதாகின்றது. எனினும், கண்ணாடிக்கு அப்பால் ஓடித்திரிவது விலங்கு. இப்பால் நின்று காண்பது பிள்ளை. கூட்டிலுள்ள உயிர் மண்ணைத் தோண்டி விளையாட, வெளியே நிற்கும் உயிர் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கின்றது. இம்முரண் கட்டடத்தாரின் நோக்கத்தைக் குறைகூறுவதற்கன்று. காட்சியின் எல்லையை உணர்த்துவதற்கே சுட்டப்படுகின்றது. அவ்வைத்தியசாலையின் மெய்யான செல்வம் மீன்தொட்டியிலும் அதனைச் சூழ்ந்த பூங்காவே எனல் வேண்டும். பூங்காவைச் சாளரத்தின் வழியே கண்டமைவதா, கதவின் வழியே புகுந்து அனுபவிப்பதா என்பதிலேயே அதன் பயன் தங்கியுள்ளது.

வைத்தியர்களும் தாதியரும் இதற்குக் கூறும் மறுப்பு எளிதாகத் தள்ளத்தக்கதன்று. தொற்று அவற்றுள் முதலாவது. நீர் தேங்கும் குளியல் விளையாட்டுப் பொருள்களாற் புற்றுநோய்ச் சிறுவர் விடுதி ஒன்றிற் கொடிய நுண்கிருமி பரவியமையை 1998இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. நோயெதிர்ப்பு வலிமை குன்றிய பிள்ளைக்கு மண்ணிலும் செடியிலும் உள்ள பூஞ்சணமும் தீங்கு செய்யும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திலே பல நாடுகளில் விளையாட்டறைகள் மூடப்பட்டன. விழுந்து காயமுறுதல் இரண்டாவது அச்சம். மேற்பார்வைக்கு ஆட்கள் போதாமை மூன்றாவது. இவை யாவும் உண்மையே. விளையாட்டின் சிறப்பைப் பாடுவோர் இவற்றுக்கு விடையிறுக்காது செல்வாராயின், அவர்தம் பேச்சு வைத்தியசாலை வாயிலைத் தாண்டாது.

ஆனால், அசையாமையும் ஆபத்தில்லாததன்று என்பதை மறுபக்கத்தார் உணர்தல் வேண்டும். நெடுநாள் படுக்கையிற் கிடந்தால் தசை மெலியும். என்பின் வலிமை குன்றும். சுவாசப்பையிற் சளி தேங்கும் சில நோய்களிலே ஓட்டமும் துள்ளலும் சளியை இளக்கி வெளியேற்ற உதவுவன. ஆகவே, ஓர் ஆபத்தையும் ஆபத்தின்மையையும் ஒப்பிடுவதாகக் கணக்கிடுதல் தவறு. இருவகை ஆபத்துக்களைச் சீர்தூக்குதலே முறை. சீர்தூக்கியபின் வேண்டுவது தடையன்று, அமைப்பு நுட்பம். கழுவித் துடைக்கத்தக்க பொருள், நீர் தேங்காத வடிவம், வீழ்ச்சியைத் தாங்கும் தரை, தாதி தன் மேசையிலிருந்தே காணத்தக்க விளையாட்டிடம் என்பன அரிய பொருள்கள் அல்ல. மேற்பார்வைக்கு ஆளில்லை என்னும் குறையையும் நல்ல அமைப்பு ஓரளவு தீர்க்கும். விளையாட்டறையைத் தாழ்வாரத்தின் கடைசியில் ஒதுக்கிவிட்டு, அங்கே நிற்பதற்கு ஆளில்லை என வருந்துதல், கிணற்றைத் தொலைவில் வெட்டிவிட்டுத் தண்ணீர் சுமக்க ஆளில்லை என வருந்துதல் போலாம்.

நல்ல அமைப்பின் இலக்கணம் யாது? பிள்ளைத்தமிழ் பருவந்தோறும் ஒரு செயலை வகுத்தாற்போல, வைத்தியசாலையும் நோயின் நிலைதோறும் ஒரு செயலை வகுத்தல் வேண்டும். கிடக்கும் பிள்ளைக்குக் கை எட்டும் தொலைவிலே உருட்டவும் இழுக்கவும் அடிக்கவும் ஏதேனும் அமைதல் வேண்டும். அமரும் பிள்ளைக்குக் கட்டிலைவிட்டு இறங்கியதும் ஒரு பாயும் தாழ்ந்த மேசையும் வேண்டும். நடக்கும் பிள்ளைக்குச் சேலைன் தாங்கியோடு நடக்கத்தக்க அகன்ற, படியற்ற வழி வேண்டும். அத்தாங்கியின் அடிச்சட்டத்தில் ஏறி நின்று உருண்டு செல்லும் சிறுவரைத் தாதியர் யாவரும் அறிவர். பெரியோர் அதனைக் குறும்பென்பர். திறனாய்வாளர்க்கோ அது பிள்ளைகள் தாமே வரைந்த கட்டடப்படம். ஓடும் பிள்ளைக்கு வெளி வேண்டும். சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளை இந்நான்கிலும் விலக்கப்படலாகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரும் மறக்கப்படலாகாது. கரடிப் பொம்மை தீட்டிய சுவர் அவர்க்கு நாணம் தருவது. பந்தெறியவும் பிறர் காணாது தோழரோடு பேசவும் அவர்க்கு இடம் வேண்டும்.

இவ்விலக்கணம் உலகத்தாரால் ஏற்கப்படாததுமன்று. 1988இல் ஒல்லாந்தின் லைடன் நகரிற் கூடிய ஐரோப்பிய சங்கங்கள் வைத்தியசாலைச் சிறுவர்க்கான சாசனம் ஒன்றை வகுத்தன. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற விளையாட்டுக்கு முழு வாய்ப்பும், அதற்கேற்ப வடிவமைத்து ஆளும் பொருளும் அளித்த சூழலும் அச்சாசனத்திற் கூறப்பட்டுள்ளன. வடிவமைப்பையும் ஆளையும் ஒருங்கே கூறியமை அதன் நுட்பம். ஆளில்லாத அழகிய அறையும், அறையில்லாத அன்புடைய ஆளும் தனித்தனியே பயன்குன்றியவை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாக வகுத்துள்ளது. நோயுற்ற பிள்ளைக்கு இவ்வுரிமை இல்லை என எவ்விடத்தும் அது கூறவில்லை. இலங்கையும் 1991இல் இச்சமவாயத்துக்கு இணங்கியது. பிள்ளையின் கட்டிலருகே தாய் தங்குதல் இந்நாட்டிலே வழக்கமான காட்சி. பிளாற் குழுவினர் வாதாடிப் பெறவேண்டியிருந்த ஒன்று இங்கே வழமையாகவே நிலவுகின்றது. அத்தாயும் பிள்ளையும் கூடியிருந்து செய்தற்குரியது யாது என்பதே இங்கும் விடை வேண்டி நிற்கும் வினா. அதற்கு இரண்டு மாடி உயரமான மீன்தொட்டி வேண்டுவதில்லை. ஒரு பாயும், சில கழங்குக் காய்களும், மரநிழலுக்குத் திறக்கும் ஒரு கதவும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

இதுகாறும் கூறியவற்றால், சிறுவர் வைத்தியசாலையை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் ஒருவாறு துணியப்படும். திறப்புவிழா நாளிலே எடுத்த ஒளிப்படம் அவ்வளவுகோலாகாது. அன்று யாவும் புதியன, பிள்ளைகள் இன்னும் வரவில்லை. பத்தாண்டுகள் கழித்துச் சென்று நோக்குதல் வேண்டும். தாழ்ந்த சுவரிலே கைத்தடம் படிந்துள்ளதா? தோட்டத்துப் புல் தேய்ந்து வழி உண்டாகியுள்ளதா? விளையாட்டறையின் பொருள்கள் உடைந்து, மாற்றப்பட்டு, மீண்டும் உடைந்துள்ளனவா? இவை உளவாயின், அக்கட்டடம் பிள்ளைகளால் வாசிக்கப்பட்ட நூல் எனக் கொள்ளலாம். எல்லாம் வைத்தபடியே மெருகு குலையாது இருக்குமாயின், அது எத்துணை அழகுடையதாயினும், எவரும் பிரித்துப் படியாத நூலே என்க.